பஞ்சர்காரர் எடுத்த ஒரே படம்

என் அத்தான் எடுத்த படம் ஒன்பது நாள் ஓடியது. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷப் படம். அதில் ஒரே ஒரு நிமிஷத்துக்கு நான் பொறுப்பு. அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் நான் நழுவப் பார்க்கிறேன் என்றுதான் அர்த்தம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அங்கே போகத் துணிச்சல் இல்லை. முதலிலிருந்தே வருகிறேன்.

சினிமாவில் அத்தானுக்கு 'பஞ்சர்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் யூனிட்டில் பாதிப் பேர் முழிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் பிறர் படங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். படம் பாதி வளர்ந்திருக்கும், திடீரென்று கதையில் காற்று இறங்கிவிடும். ஊரை விட்டு ஓடின கதாநாயகன் எதற்காகத் திரும்பி வருகிறான் என்பது எழுதினவருக்கே தெரிந்திருக்காது. "பஞ்சரைக் கூப்பிடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும், வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். அத்தான் போய் ஜெனரேட்டர் வண்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டையை முழங்காலில் வைத்து எழுதுவார். ஒன்றரை மணி நேரத்தில் காட்சி எழுந்து நடக்கும். அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். படத்தில் பெயர் வராது. வந்தால் 'நன்றி' என்ற தலைப்பின் கீழே, வார்டு கொடுத்த ஆஸ்பத்திரிக்கும் குடை கொடுத்த கடைக்கும் நடுவில் வரும்.

சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்றில் மை இருக்காது. யாராவது பேனா கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் நாலு தடவை உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவருடைய தந்திரம் மொத்தமும் அவ்வளவுதான். அந்தத் தொழிலுக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் எடை மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பதிவேடு எழுதினார். கடைக்காரர்கள் போனில் சொல்வதைச் சுருக்கி எழுத வேண்டும், 'முள் நகரவில்லை', 'தட்டு சாய்வு' என்கிற மாதிரி. இவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். 'சார், மெஷின் பொய் சொல்லுது, என் பொண்டாட்டிகூட நம்ப மாட்டேங்கிறா.' மேலாளர் கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆனால் மெஷினைச் சரிசெய்யக் கொண்டுவந்த ஒரு நாடகக்காரர் அந்தப் பதிவேட்டை நின்றபடியே முப்பது பக்கம் படித்துச் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அத்தான் அந்த வேலையை விட்டார். எங்கள் வீட்டில் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது அவருக்கு வேலை என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா மட்டும், "அவர் கையெழுத்தைப் பாத்தியாடா? கோழி கிண்டின மாதிரி இருக்கு. பாவம், யாராவது எழுதிக் குடுத்தாத்தான் பிழைப்பார்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அக்கா நீதிமன்றத்தில் நகல் எழுதுகிற வேலையில் இருந்தாள். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அத்தான் கிறுக்கியதை எடுத்துப் படி எழுத உட்காருவாள். யூனிட்டில் எல்லோரும் "சார் எழுத்து என்னா அழகு" என்பார்கள். அத்தான் மறுத்துச் சொன்னதே இல்லை. அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது, ஆனால் எனக்கு இருந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன். "உங்க அக்காதான் சொல்லக் கூடாதுன்னா. சொன்னா நாளைக்கு அவளையும் வேன் ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்" என்றார்.

முன்னறையில் அவர் எழுதுவார். ஒரே சுவர், அதற்கு அந்தப் பக்கம் அக்கா படி எடுப்பாள். எழுதும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமான முதல் வருஷம் அதனாலேயே பத்துச் சண்டை. பிறகு அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால், 'எழுத்து புரியவில்லை, எழுந்து வாங்க.' ஒரே ஒரு தட்டு என்றால், 'இருக்கீங்களா?' அதற்கு இவர் பதிலுக்கு ஒரு தட்டு. 'இருக்கேன்.' இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு என்ன செய்வாள் என்று நான் கேலி செய்திருக்கிறேன். எந்நேரமும் அங்கேயேதான் இருக்கிறார், வேறெங்கே போகப் போகிறார்? "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசு" என்பாள். எனக்குக் கல்யாணமும் ஆகி, ஒத்துவராமல் பிரிந்தும் போயாயிற்று. சுவரில் தட்ட எனக்கு யாரும் வாய்க்கவில்லை.

வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றச் சேர்த்துவிட்டதும் அத்தான்தான். சுற்றிச் சுற்றி மேலே வந்து ஒலிப்பதிவாளர் ஆனேன். தொழில் எனக்கு நன்றாக வரும், வாய்தான் சரியில்லை. ஷாட் நடுவே இருமினவர் நடிகரோ நாற்காலி தூக்குகிறவரோ, எனக்கு எல்லோரும் ஒன்றுதான். "சுடுதண்ணி வந்துட்டான்" என்பார்கள் என்னைக் கண்டால். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அத்தானிடம் சொந்தமாக ஒரு கதை இருந்தது. பதினோரு வருஷமாக அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. ஏதோ ஒரு நாள் ஒரு சின்ன விஷயத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள். அப்புறம் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், பேச்சு மட்டும் இல்லை. நாலைந்து தயாரிப்பாளர்கள் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு சார். ஆனா பேசவே மாட்டாங்களா? நீங்க வசனம் எழுதுறவர்தானே?" என்றார்கள். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அத்தான் அதையும் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

அக்காவுக்கு இதயம் பெருத்துவிட்டது என்று கண்டுபிடித்தது அந்தச் சமயத்தில்தான். வேலையை விட்டாள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், குரல் எடுத்துக் கூப்பிட முடியாது. படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துப் படி எழுதுவாள். சுவரோரம் கட்டிலைப் போடச் சொன்னாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தானுக்கு ஐம்பத்து நாலு வயதானபோது ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். ஃபிரிட்ஜ் விற்று முன்னுக்கு வந்தவர், அதனால் எங்களுக்கு அவர் ஃபிரிட்ஜ்காரர். தங்கமான மனுஷன். கதையை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, "என் வீட்லயும் இப்படித்தான் சார், ஆறு வருஷமா" என்றார். இருபத்தாறு நாளில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதற்குள் வீடு தேடி, வாடகை பேசி, அலங்காரம் பண்ணி முடிகிற காரியமா? அக்காதான் சொன்னாள்.

"நம்ம வீட்டிலேயே எடுங்க."

"நீ படுத்திருக்கிற வீட்டிலயா? நாப்பது பேர் வருவாங்க."

"வரட்டுமே. நான் உள்ளே இருந்தபடியே கேட்டுக்கிட்டு இருப்பேன். எவ்வளவு வருஷமா நான் படி எழுதினது, அதை ஒருத்தர் பேசிக் கேக்கணும்ல?"

"அதுல பேச்சே கிடையாதே" என்றேன் நான். அக்கா சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கியது. அத்தான் என்னை முறைத்தார்.

முன்னறைதான் படத்தின் முக்கிய அறை. புருஷன் உட்காரும் மேசைக்கு அத்தானின் மேசையையே வைத்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. அவளுக்குத் துணையாக ஒரு நர்ஸம்மா பகல் முழுக்க இருந்தார்.

வீட்டில் ஒலிப்பதிவு செய்வது பெரிய தலைவலி. மோட்டார் ஓடக் கூடாது. கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்ற வேண்டும். ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும், அணைத்தால் திரும்பப் போட மறந்து எல்லாம் கெட்டுப்போகும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அணைத்த கையோடு வேன் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, சாவி எடுக்கத் திறந்தால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வரும். ஃபிரிட்ஜ்காரருக்கு இதைக் காட்டினேன். "என் தொழில்ல முப்பது வருஷம், இந்த உபயோகம் எனக்குத் தெரியாம போச்சே" என்று ஆச்சரியப்பட்டார்.

அக்காவின் அறை ஃபேன் சத்தமும் சுவர் வழியாக வந்தது. முதல் நாளே நான் போய் நின்றேன்.

"அக்கா, ஷாட் எடுக்கிறப்ப மட்டும் ஃபேனை நிறுத்திக்கலாமா?"

"அணைச்சுக்கோடா. நானும் சினிமாக்காரிதான்."

ஷாட்டுக்கு ஷாட் நர்ஸம்மா ஃபேனை அணைப்பார், முடிந்ததும் போடுவார். 'சைலன்ஸ்' என்று உதவி இயக்குநர் கத்தினால் அக்கா மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள் என்று நர்ஸம்மா சொன்னார். ஷாட்டுகளுக்கு நடுவே, விளக்கு மாற்றுகிற சமயங்களில், சுவரில் ஒரு தட்டு விழும். அத்தான் எங்கே இருந்தாலும் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். கேமராமேன் பல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணிக்கு வீட்டில் எடுக்க வேண்டிய கடைசி ஷாட் முடிந்தது. இனி மூன்று நாள் வெளிப்புறம் மட்டும். எல்லோரும் கைதட்டினார்கள். மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

"யாரும் அசையாதீங்க. ரூம் டோன் எடுக்கணும்" என்றேன்.

இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டு. யாரும் பேசாதபோதும் அறை சும்மா இருப்பதில்லை, லேசாக ஒரு இரைச்சல் இருக்கும். படத்தை வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே அந்த அமைதியைப் போட்டு நிரப்பாவிட்டால் காதில் குழி விழுந்த மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் அப்படியே நிற்க, ஒரு நிமிஷம் வெறும் அமைதியைப் பதிவு செய்வோம். இல்லாத சத்தத்தை எதற்கு ரெக்கார்ட் பண்ணுகிறான் இந்தப் பைத்தியம் என்பார்கள். அன்று மானேஜர் வண்டி காத்திருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேசாத ரெண்டு பேரைப் பத்திப் படம் எடுத்துட்டு அமைதியை எடுக்காம போறதா? ஒரு நிமிஷம் வாயை மூடினா குடியா முழுகிடும்?" என்று கத்தினேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். நாற்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் நின்றார்கள். ஃபேன்கள் நின்றன. நர்ஸம்மா கடைசி ஷாட் பார்க்க முன்னறை வாசற்படிக்கு வந்தவர், அங்கேயே சிலை மாதிரி நின்றுவிட்டார். அத்தான் மேசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

பன்னிரண்டாவது நொடியில் சுவரில் ஒரு தட்டு.

அத்தானின் வலது கை எழுந்தது. முட்டி மடங்கி, சுவருக்கு ஒரு சாண் தூரத்தில். நான் உள்ளங்கையை விரித்து அவருக்குக் காட்டினேன். வேண்டாம் என்று. முகத்தையும் கடுமையாக வைத்துக்கொண்டேன், வழக்கமாக எல்லோருக்கும் வைக்கிற முகம்தான். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டார்.

முப்பத்தெட்டாவது நொடியில் இன்னொரு தட்டு. முதல் தட்டைவிட மெலிசு. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிமிஷம் முழுக்க ஓடினதும், "டேக் போச்சு. இன்னொரு தடவை. யாரும் அசையாதீங்க" என்றேன். இன்னொரு நிமிஷம் ஓடவிட்டேன். இந்தத் தடவை ஒன்றுமே இல்லை. எனக்கு அவ்வளவு சுத்தமான அமைதி அந்த இருபத்து மூன்று நாளில் கிடைத்ததே இல்லை. "பிரமாதம். இதுதான் எனக்கு வேணும்" என்று சத்தமாகச் சொன்னேன்.

நாற்காலிகள் இழுபட்டன, பேச்சு கிளம்பியது. அந்த இரைச்சலுக்கு நடுவே அத்தான் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். பிறகு உள்ளே போனார், நடந்துதான் போனார். நான் கேபிள் சுற்றி முடித்து, என்னவென்று பார்க்கப் போனபோது அக்கா சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தாள். அத்தான் முதலில் ஃபேனைப் போட்டிருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கூட்டி வர வேன் சாவி தேடினேன். ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. காலையிலிருந்து அணைந்து கிடந்ததால் சாவி குளிரவே இல்லை. அது எதற்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "நான் பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னாரா, எங்கள் மூஞ்சியைப் பார்த்து அப்படிச் சொன்னாரா, தெரியாது. அத்தான், "எத்தனை மணிக்குன்னு சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். நிமிஷக் கணக்காகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தான் தலையாட்டினார்.

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரே" என்று ஓர் அத்தை சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். என்னைப் பொறுத்தவரை, தலைக்குள் ஹெட்போன் மாட்டினபடியே இருந்தது. எல்லாச் சத்தமும் அதற்கு வெளியே, தூரத்தில். பசிக்கிற நேரத்தில் சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

ஃபிரிட்ஜ்காரர் வந்து, "ஒரு மாசம் தள்ளிப்போடலாம் சார், நான் பாத்துக்கிறேன்" என்றார். "இருபத்தாறு நாள்னுதானே பேச்சு. மூணு நாள் பாக்கி இருக்கு" என்றார் அத்தான். அக்கா போன ஆறாம் நாள் வெளிப்புறப் படப்பிடிப்பு தொடங்கியது. கதாநாயகி பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்று அழ வேண்டிய காட்சி. அவளுக்கு வரவில்லை. அத்தான் பக்கத்தில் போய் நின்று, "முதல்ல மூக்குல வரும்மா. தொண்டைக்கு அப்புறம்தான் வரும். அவசரப்படாதே" என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அழுதாள். யூனிட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அத்தான் அடுத்த ஷாட்டுக்குக் கேமரா எங்கே என்று பார்க்கப் போனார்.

எடிட்டிங் இரண்டு மாதம். தினமும் சந்தித்தோம், சேர்ந்து டீ குடித்தோம். அந்த மதியத்தைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. என் விரித்த உள்ளங்கையை அவர் மறந்துவிட்டார் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. சில நாள் நம்பியும் விட்டேன்.

ஒலிக்கலவைக்கு வந்தோம். நடுவில் ஒரு காட்சி. புருஷன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான், பெண்டாட்டி உள்ளறையில் இருக்கிறாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காது. அவன் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். அதன் அடியில் நான் அந்த அறையின் அமைதியைப் போட்டிருந்தேன். அத்தான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இது எந்த டேக், மாப்ள?"

"ரெண்டாவது."

"முதல் டேக்?"

"அழிச்சிட்டேன்" என்றேன்.

அவர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தொழிலில் எதையும் அழிக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். டீ வந்தது, ஆறியது. கடைசியில் நான் பெட்டியைத் திறந்து அந்தப் பதிவை எடுத்தேன். அதுவரை ஒரு தடவைகூட நான் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை. பயமாக இருந்தது. அதைத்தவிர வேறு காரணம் இல்லை.

போட்டேன். பன்னிரண்டாவது நொடி, முப்பத்தெட்டாவது நொடி. பெரிய ஸ்பீக்கரில் அக்காவின் விரல் முட்டி சுவரில் படுவது அவ்வளவு பக்கத்தில் கேட்டது. மோதிரம் லேசாக உரசுவதுகூடக் கேட்டது.

"ரெண்டு தட்டு இல்லை" என்றார் அத்தான். "வாங்கன்னு கூப்பிடலை. இருக்கீங்களான்னுதான் கேட்டிருக்கா. ரெண்டு தடவை கேட்டிருக்கா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பதிலுக்கு ஒரு தட்டு சேத்துடலாம், அத்தான். வீட்டுக்குப் போய் அதே சுவர்ல நீங்க ஒண்ணு தட்டுங்க. பதினஞ்சாவது நொடியில வெச்சிடறேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, அந்தப் பார்வையில் எதுவுமே இல்லை.

"ஊர்ப்பட்ட படத்துக்கு ஒட்டுப் போட்டாச்சு, மாப்ள. சொல்லாத வார்த்தையை எல்லாம் சொன்னதா எழுதியாச்சு. இதை அப்படியே விட்டுடு. முதல் டேக்கையே போடு."

போட்டேன். இப்போது அந்தக் காட்சியில் புருஷன் மேசையில் உட்கார்ந்திருக்கிறான், உள்ளேயிருந்து ஒரு தட்டு வருகிறது, அவன் அசையவில்லை. இன்னொரு தட்டு வருகிறது, அப்போதும் அசையவில்லை. படம் அங்கேதான் நிமிர்ந்தது. அதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக் கூடாது. ஒரு பத்திரிகையில், 'அந்த இரண்டு தட்டல்கள் இயக்குநரின் நுட்பத்துக்குச் சான்று' என்று எழுதினார்கள். அத்தான் படித்தார். தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார்.

படம் ஒரே ஒரு சின்னத் தியேட்டரில், பகல் காட்சியாகப் பதினொன்றரை மணிக்கு வெளியானது. நாலாம் நாள், சத்தம் சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். முப்பது பேர் இருப்பார்கள். மூன்று வரிசை முன்னால், சுவரோர நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை.

அந்தக் காட்சி வந்தது. பன்னிரண்டாவது நொடியில் தட்டு. அத்தானின் கை இருட்டில் உயர்ந்தது. பக்கத்துச் சுவரில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். முன்னால் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டாவது நொடியில் இரண்டாவது தட்டு. அவர் மறுபடி தட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தார்.

படம் விட்டதும் டிக்கெட் கிழிக்கிறவரிடம் விசாரித்தேன். "அந்தப் பெரியவரா? முதல் நாள்லேர்ந்து தினமும் வர்றாருங்க. படம் எடுத்தவராமே? கொஞ்சம் ஒரு மாதிரி போல, சுவத்துல தட்டுவாரு. மத்தபடி தொந்தரவு கிடையாது" என்றார்.

ஒன்பதாம் நாளோடு படத்தை எடுத்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ்காரர் போனில் என்னிடம்தான் சொன்னார். அவர் குரல் கம்மியிருந்தது. "என் வீட்டுக்காரி பாத்துட்டு வந்தாங்க தம்பி. வந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசினாங்க" என்றார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் பதினொன்றரை மணிக்கு அத்தான் என் ஒலிக்கூடத்துக்கு வந்தார். குளித்து, துவைத்த சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா. தியேட்டருக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பி வந்திருந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் போடு, மாப்ள."

எடுத்துப் போட்டேன். அறையின் இரைச்சல் வந்தது. நாற்பத்தொரு பேர் அசையாமல் நிற்கிற இரைச்சல். நான் திரையில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பது. அவர் கை தயாராக எழும் என்று எதிர்பார்த்தேன். அது மடியிலேயே கிடந்தது.

பன்னிரண்டில் அக்கா தட்டினாள்.

அவர் அசையவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒன்பது நாளா நான் சொல்லிட்டேன்" என்றார். "அன்னிக்கு நீயும்தானே அங்க இருந்தே. அடுத்த தட்டுக்கு நீ சொல்லு."

ஆக, அவர் மறந்திருக்கவில்லை. ஒரு நாளும் மறந்திருக்கவில்லை. இருபது, இருபத்தொன்று என்று எண்கள் ஓடின. எனக்குக் கண் கலங்கவில்லை. கை மட்டும் கனத்தது, அவருக்குக் காட்டின அதே வலது கை. அதை மேசை மேல் கொண்டுவந்து விரல்களை மடக்கினேன்.

முப்பத்தெட்டில் அக்கா மறுபடி கேட்டாள். தட்டினேன். பிளைவுட் மேசை, சத்தம் மொத்தையாக வந்தது. பதிவு இன்னும் இருபத்திரண்டு நொடி ஓடியது. நாங்கள் இருவரும் அதை முழுக்கக் கேட்டோம்.